ஏழு ஏவுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

முத்தமிழ் நகர் நாலாவது குறுக்குத் தெருவில் எட்டாம் எண் வீட்டை அழிக்க இடிக்கிற இயந்திரம் எதுவும் வரவில்லை. ஒரு சின்ன டப்பா தங்க நிறப் பெயின்ட் போதுமானதாக இருந்தது.

பெயின்ட் அடித்தவர் தணிகாசலம் சார். வீட்டுச் சொந்தக்காரர். உரக் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கூட்டத்துக்கு வேறு யாரும் போவதில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார். மாசி மாதத்தில் ஒரு எண் ஜோதிடர் வந்து அவர் வாசல் தூணைப் பார்த்துவிட்டு, "எட்டு சனியோட எண்ணுங்க. இது இங்க இருக்கிற வரைக்கும் உங்க பையனுக்குப் பொண்ணு அமையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பையனுக்கு முப்பத்தாறு வயது. பெண் அமையாததற்கு எட்டாம் எண்ணைவிட நல்ல காரணங்கள் எனக்கே நாலைந்து தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தூணில் எட்டு இருந்த இடத்தில் 'ஏழு ஏ' பளபளத்தது.

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எட்டு எங்களை ஒன்றும் செய்யாது. பதிமூன்றைத்தான் கொஞ்சம் தள்ளி வைப்போம். என் வீடு பன்னிரண்டு, அவர் வீட்டுக்கு நேர் எதிரே. என் முதல் மாடி பால்கனியைத் தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போனார் கொத்தனார். அதற்கு நான் என்ன செய்யமுடியும்? காபி டம்ளரோடு நின்று அந்தத் தங்க எழுத்தைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். அந்தத் தூணுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் படுத்திருக்கிறான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

முகவரிச் சட்டம் வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தச் சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நீங்கள் தாளில் எழுதி வைத்திருக்கிற முகவரி செல்லாது; எண்ணையும் தெருவையும் சொன்னால் திறந்த வரைபடம் எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் வீடு. தண்ணீர் லாரி, ரேஷன், வாக்குச்சீட்டு, ஆம்புலன்ஸ், எல்லாம் அங்கேதான் வரும். அந்த வரைபடத்தை அரசாங்கம் வரையவில்லை. ஊர் ஊராக யார் யாரோ ஆர்வத்தில் சும்மா வரைந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இலவசமாகக் கிடைத்ததும் அதை எடுத்து வந்து ஆறேழு கோடிப் பேரின் உயிரை அதில் மாட்டிவிட்டார்கள்.

அப்படி மாட்டப்பட்டவர்களில் ஒருவர் மாடசாமி. தணிகாசலம் சார் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருப்பவர். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் கல் குவாரி கிரஷரில் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கக் கல் தூளாக நிரப்பிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு வயதுக்கு அறுபது போல இருப்பார். மனைவி வள்ளிக்கண்ணு ஒரு பிஸ்கட் கிடங்கில் மதிய ஷிப்டில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறாள். மாடசாமிக்கு மூக்கில் குழாய். ஒரு சிலிண்டர் இரண்டு நாள் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, காலை பதினொன்றுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்று புது சிலிண்டரோடு ஊர்ந்து வரும். தெருவில் அதற்கு ஆமை என்று பெயர். ஆமை வாசலில் நின்று மாடசாமியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கும். இடையில் சிலிண்டர்கள் திருட்டுப் போய் வெளியே விலைபோனதால் இந்த ஏற்பாடு. சரியான இடம், சரியான முகம், இரண்டும் இருந்தால்தான் மூச்சு.

பங்குனி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஆமை வந்தது. தணிகாசலம் சார் வாசலை, அடுத்த தெரு நாயைக் கடப்பதுபோல் கடந்து போனது. அவர் வீட்டைத் தாண்டி நாலு மனை காலி. அதற்கப்புறம் தெரு வளைகிற இடத்தில் பூங்காவுக்கென்று விட்ட மனை. பூங்கா என்றால் ஒரு உடைந்த சறுக்குமரமும் சீமைக்கருவேல முள்ளும். அங்கே சங்கம் ஷட்டில் கோர்ட் கட்டப்போகிறது என்று ஆறு வருடமாகப் பேச்சு. ஆமை அந்த முள்ளுக்கு முன்னால் நின்று, இனிமையான பெண் குரலில் சொன்னது.

"எட்டாம் எண் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடசாமி அவர்களே, முகத்தைக் காட்டவும்."

வள்ளிக்கண்ணு ஓடினாள். தன் முகத்தைக் காட்டினாள். அடையாள அட்டையைக் காட்டினாள். அதைக் கையால் அடித்தாள். ஆமை பதினைந்து நிமிடம் காத்திருக்கும், பிறகு போய்விடும், மறுபடி எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. மூன்று நிமிடம் போயிருந்தது.

"எக்கா! வண்டியப் புடிச்சு நிறுத்துங்கக்கா!" என்று என் பால்கனியைப் பார்த்துக் கத்தினாள்.

நான் எப்படி நிறுத்துவது? "சேரைக் கொண்டு வா! சேர்ல வெச்சுத் தூக்கு!" என்று மேலிருந்து கத்தினேன். யோசனை சொல்வதில் நான் எப்போதும் முன்னால் நிற்பேன்.

பக்கத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் இறங்கி வந்தார். மாடசாமியைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பழைய சிலிண்டரை அவர் மடியில் கட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நாலு மனை தூரம் நடந்தார்கள். மாடசாமியின் வாய் மீன் வாய்போலத் திறந்து திறந்து மூடியது. முள்ளுக்கு முன்னால் நாற்காலியை இறக்கினார்கள். ஆமை பார்த்தது. "நன்றி, மாடசாமி அவர்களே" என்று மூடியைத் திறந்தது.

புதன்கிழமையும் இதேதான். வெள்ளிக்கிழமையும்.

புகார் எண்ணுக்கு என் போனிலிருந்துதான் பேசினோம். வள்ளிக்கண்ணு வேலைக்குப் போனால் கிடங்கில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் என் எண்ணைக் கொடுத்தாள். எதிர்முனையில் ஒரு பையனின் குரல். இயந்திரமா மனிதனா என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

"மேடம், சிஸ்டம் கரெக்டா வேலை செய்யுது. எட்டாம் நம்பர்னு கேட்டா ஒரு இடம் காட்டுது. வண்டி அங்க போயிருக்கு. மீட்டர் கணக்குல பார்த்தா ஒரு அடி கூடத் தப்பல."

"தம்பி, அது முள்ளுக்காடு."

"எங்க ஸ்கிரீன்ல வீடுன்னுதான் வருது மேடம்."

"நான் பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்யா!"

"உங்க அதிருப்தியைப் பதிவு பண்ணிக்கிட்டேன் மேடம். தரவுல பிழை இருந்தா அது வரைபடம் போடறவங்க பொறுப்பு. எங்களோடது இல்ல."

வரைபடம் போடுகிறவர்கள் யார் என்று தேடிப்பிடித்ததில் வந்து சேர்ந்தவள் நிலோஃபர். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, இருபத்தாறு வயது. சம்பளமில்லாத வேலைக்காக, சம்பளம் தருகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராயப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். அப்படிப்பட்டவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டேப்லெட்டை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, வள்ளிக்கண்ணுவையும் என்னையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டாள்.

"பாருங்க ஆன்ட்டி. ஒரு முகவரி தப்பாக் காட்டுதுன்னா முதல்ல, அந்தப் பதில் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். பதிலைத் திருத்தக் கூடாது. வேரைத் திருத்தணும்." விரலால் ஏதோ தட்டினாள். "எட்டாம் நம்பர்னு ஒரு வீடே இப்ப வரைபடத்துல இல்ல."

"இல்லாத வீட்டை எப்படிம்மா காட்டுது?"

"ஊகம். ஏழு ஏ இருக்கு. தெரு வளைஞ்சு அந்தப் பக்கம் வந்தா ஒன்பது இருக்கு. எட்டு எங்கன்னு கேட்டா, ரெண்டுக்கும் நடுவுல எங்கேயாச்சும் இருக்கணும்னு அதுவாப் பங்கு போட்டுக்குது. நடுப்புள்ளி எங்க விழுது? பூங்கா மனையில."

வள்ளிக்கண்ணு கேட்டாள்: "ஊகம்னா, தோராயமாவா?"

"ஆமாக்கா."

"தோராயமான இடத்துக்கு எம்புருசன் மட்டும் முழுசாப் போவணுமாக்கும்?"

நிலோஃபருக்கே கோபம் வந்தது. "அக்கா, பதில் அனுப்பும்போதே கூட ஒரு வரி அனுப்புறோம். 'வீடு கிடைக்கவில்லை, இது ஊகம்'னு. ஒவ்வொரு தடவையும் அனுப்புறோம். ஆமையைச் செஞ்சவங்க அந்த வரியைப் படிக்கவே ஏற்பாடு பண்ணல! இடத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைக் கிழிச்சுப் போட்டுடறாங்க. 'உயிர் போற வேலைக்கு இதை நம்பாதீங்க'ன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கோம். சட்டம் போட்டவன் ஒருத்தன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பானா?"

"சரி, எட்டை எடுத்தது யாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் பார்க்க ஆசை.

அப்போதுதான் அவள் அந்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எதைத் திருத்தினார்கள், எல்லாம் வரிசையாக! பதினான்காம் எண் வீட்டுக்காரர் தன் வீட்டை 'வில்லா' என்று மாற்றிக்கொண்டது. மூன்றாம் எண் வீட்டம்மா குப்பை வண்டி நிற்கும் இடத்தைத் தன் வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசலுக்கு நகர்த்தியது, எதிர்வீட்டுக்காரி அதைத் திருப்பி நகர்த்தியது, இப்படி பதினோரு முறை. இருபது வருடமாக நான் கஷ்டப்பட்டுச் சேகரித்ததையெல்லாம் ஒரு இயந்திரம் தேதி போட்டு வைத்திருந்தது. கொஞ்ச நேரம் மாடசாமியையே மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"இதோ," என்றாள் நிலோஃபர். "'நாலாவது குறுக்கு நலம்'னு ஒரு கணக்கு. பங்குனி இருபத்தி மூணு. எட்டை ஏழு ஏன்னு மாத்தியிருக்காங்க."

அது சங்கத்தின் பெயரில் இருக்கிற கணக்கு. அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

மூன்று பேரும் தெருவைக் கடந்து போனோம். தணிகாசலம் சார் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குழாயை மூடினார்.

"அம்மா, எனக்கு யார் மேலயும் எந்த வருத்தமும் இல்ல. என் வீட்டு நம்பரை நான் மாத்திக்கிட்டேன். இதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல சார்," என்றாள் நிலோஃபர். "இவங்க பதிவு எட்டுல இருக்கு. ஏழு ஏவுக்கு மாத்திக்க நீங்க ஒரு சம்மதக் கடிதம் குடுத்தாப் போதும்."

"கடிதமா? பின்னாடி ஷெட்டு இருக்கு, அதுல ஆள் இருக்குன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறதா? அந்த ஷெட்டு பிளான்லயே கிடையாதும்மா. நாளைக்கே இடிக்க வந்து நிப்பான்."

"வாடக வாங்கும்போது மட்டும் பிளான்ல இருந்துச்சோ?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"இந்தா, மரியாதையாப் பேசு."

"அப்ப எட்டத் திருப்பி எழுதுங்க. தூண்ல வேண்டாம், பின்னால எங்க செவுத்துல நானே எழுதிக்கிடுதேன். ஒரு ஆளு கண்ணுக்கும் படாது."

அவர் முகத்தில் நிஜமாகவே பயம் தெரிந்தது. அதுதான் எனக்கு அதிகக் கோபமூட்டியது; கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூடத் திட்டி ஆறியிருக்கலாம். "பையனுக்கு இப்பதான் ரெண்டு ஜாதகம் வந்திருக்கு," என்றார் மெதுவாக. "ஆவணியில முடிஞ்சிடும்ங்கறாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் பார்ப்போம்."

"ஆவணி வரைக்கும் எம்புருசன மூச்ச அடக்கிட்டு இருக்கச் சொல்லவா?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார்.

நிலோஃபர் விடவில்லை. தெருவிலேயே நின்று ஷெட்டின் இடத்தில் ஒரு புள்ளி வைத்து எட்டு என்று எழுதிச் சேமித்தாள். "நாளைக்குள்ள தேடல்ல வந்துடும்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். மாலை டிபன் நேரத்துக்குள் அந்தப் புள்ளியை யாரோ அழித்தாயிற்று. காரணம் என்கிற இடத்தில், 'இந்த எண்ணில் வீடு இல்லை, வாசலைப் பார்க்கவும்' என்று எழுதி, தங்கத் தூணின் படமும் இணைத்திருந்தார்கள். நிலோஃபர் மறுபடி வைத்தாள். மறுபடி அழிந்தது. மூன்றாம் முறை வரைபடக் குழுவின் பெரியவர்கள் தலையிட்டு, இரண்டு பேரையும் ஒரு வாரத்துக்குத் தொடக்கூடாது என்று நிறுத்தினார்கள். போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்க ஒரே சட்டம், தரையில என்ன இருக்கோ அதைத்தான் வரையணும். வாசல்ல எழுதியிருக்கிறதுதான் சாட்சி. அந்தச் சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம். நானே பத்து பேரை இதே சட்டத்தைச் சொல்லித் திட்டியிருக்கேன்."

அந்த வாரத்தில்தான் வள்ளிக்கண்ணு என் படியேறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எக்கா, ஒங்க கீழ்வீடு சும்மாதானே கெடக்கு. பன்னெண்டுன்னு பதிஞ்சுக்கிட்டா வண்டி ஒங்க வாசலுக்கு வந்துரும்லா. வாடக ஒழுங்காத் தந்துருவேன்."

கீழ்வீடு ஐப்பசியிலிருந்து காலி. புதிதாக வெள்ளையடித்து வைத்திருந்தேன். நல்ல குடும்பமாக வரட்டும் என்று காத்திருந்தேன். நல்ல குடும்பம் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், கேட்டால் நான் சொல்லும் பதில் எனக்கே பிடிக்காது. இராப்பகலாக இருமல் சத்தம் கேட்கும், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் வீட்டுக்குப் பெயர் வந்துவிடும் என்றெல்லாம் ஒரு நொடியில் மனது ஓடி முடித்துவிட்டது.

"பையன் ஓசூர்ல இருக்கான்ல. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு விரல் கடையளவு சிரித்தாள். "கேளுங்க" என்று இறங்கிப் போனாள். நான் பையனிடம் கேட்கவில்லை. எதிர்வீட்டு எட்டுக்குப் பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

சித்திரையில் வெயில் ஏற ஏற, நாற்காலி ஊர்வலம் நீண்டது. நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தார்கள். சாரம் கட்டுகிற ஆளின் வேலை முடிந்து அவர் போய்விட்டார். அன்றைக்கு வருகிற போகிறவர்களைக் கெஞ்சித்தான் தூக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை யாரும் கிடைக்கவில்லை. வள்ளிக்கண்ணு நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினாள். தார் உருகிக் காலில் ஒட்டியது. பதினோராவது நிமிடம் போய்ச் சேர்ந்தாள். ஆமை நன்றி சொல்லி மூடியைத் திறந்தது. சிலிண்டரை மாற்றினாள். மாடசாமிக்கு முகத்தில் நீலம் இறங்க வெகுநேரம் பிடித்தது.

நானும் இறங்கிப் போயிருந்தேன், கையில் ஒரு குடையோடு. குடை பிடிப்பதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

மாடசாமி மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். "ஏளா... திரும்ப... போவணுமா?"

வள்ளிக்கண்ணு சுற்றிலும் பார்த்தாள். சறுக்குமரம், முள், அந்தப் பக்கம் குட்டையான காம்பவுண்டு சுவர். "எதுக்குப் போவணும்?" என்றாள். அவரிடம் சொன்னது போலவும் இல்லை, என்னிடம் சொன்னது போலவும் இல்லை. "வீடு இங்கனதான் இருக்குன்னு கவர்மென்ட்டே சொல்லுது. நாமதான் கிறுக்கு மாதிரி வேற எங்கயோ குடியிருந்திருக்கோம்."

சாயங்காலத்துக்குள் முள்ளை வெட்டினாள். கிடங்கிலிருந்து தார்ப்பாயும் அட்டைப்பெட்டிகளும் வந்தன. சறுக்குமரத்தின் இரும்புச் சட்டம் கூரைக்கு முதுகெலும்பாயிற்று. கட்டில், அடுப்பு, குடம் எல்லாம் நாலு மனை தாண்டிப் போயின. கடைசியாக ஒரு உடைந்த டைல்ஸ் துண்டில் கரித்துண்டால் பெரிதாக எட்டு எழுதி முன்னால் சாய்த்து வைத்தாள்.

தணிகாசலம் சார் சும்மா இருப்பாரா? அது ஷட்டில் கோர்ட் மனை அல்லவா! திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து ஆக்கிரமிப்பு அகற்றும் அலுவலர் வந்தார், இரண்டு ஆட்களோடு. தெருவே கூடியது. ஆறு வருடமாகக் கூட்டத்துக்கு வராதவர்களெல்லாம் வந்தார்கள். நான் எல்லாருக்கும் முன்னால் நின்றேன், சொல்லத் தேவையில்லை.

"அந்தம்மா பேரு என்ன? எந்த முகவரி?" என்று கேட்டார் அலுவலர்.

"வள்ளிக்கண்ணு. எட்டாம் நம்பர், நாலாவது குறுக்குத் தெரு."

அவர் தன் கருவியில் அடித்தார். காலடியைப் பார்த்தார். மறுபடி அடித்தார். "சார்," என்றார் தணிகாசலத்திடம், "இவங்க அவங்க வீட்டுலதான் இருக்காங்க."

"என்ன விளையாடறீங்களா? இது பூங்கா!"

"பூங்காவா இருக்கலாம் சார். சட்டப்படி எட்டாம் நம்பர் இங்கதான் இருக்கு. ஆக்ஸிஜன் நோயாளியை அவர் பதிவான முகவரியிலேருந்து நகர்த்தினா என் வேலை போயிடும்."

தணிகாசலம் சார் நிலோஃபருக்குப் போன் போட்டார், கூட்டத்துக்கு நடுவிலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஏம்மா, அந்த எட்டை இங்கேருந்து அழிச்சுவிடு!"

"அங்க யாரும் எட்டை வைக்கலையே சார், அழிக்கிறதுக்கு" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "நீங்க உங்க வாசல்ல அழிச்சதாலதான் அது அங்க போய் விழுந்துச்சு. நகர்த்தணும்னா ஒரே வழி. உங்க தூண்ல மறுபடி எட்டு எழுதுங்க. நான் இன்னிக்கே வரைஞ்சுடறேன்."

கூட்டம் அவரைப் பார்த்தது. ஒரு பக்கம் ஷட்டில் கோர்ட், மறுபக்கம் சனி. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். தார்ப்பாய்க்குள் சிலிண்டர் 'ஸ்ஸ்' என்று மெல்லச் சத்தமிட்டது.

"ஆவணி முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் வெற்றி பெற்றவள்போல மாடியேறினேன். போனில் யார் யாரிடமோ கதையைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் 'அவங்க வீட்டுலதான் இருக்காங்க' என்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஆமை தவறாமல் வந்தது. தண்ணீர் லாரி வந்தது. ரேஷன் அரிசி வந்தது. தேர்தல் சீட்டுகூட வந்தது. எல்லாம் மிகச் சரியாக, அட்டைச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றன. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை.

ஆடியில் மழை பிடித்தது. எங்கள் தெருவில் தண்ணீர் முதலில் தேங்குவது வளைவில்தான். பால்கனியிலிருந்து பார்த்தால் தார்ப்பாய் தொப்பை போட்டுத் தொங்கியது. கட்டிலுக்குக் கீழே செங்கல், செங்கலுக்குக் கீழே தண்ணீர். மாடசாமியின் இருமல் நாலு மனை தாண்டி எனக்குக் கேட்டது. கீழ்வீட்டுக்கு எது வரக்கூடாது என்று நினைத்தேனோ அதே சத்தம். இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கீழ்வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்துபோனேன்.

"வள்ளி, சாமான்களை எடு. இப்பவே வாங்க ரெண்டு பேரும். வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அவள் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஒங்க வீடு பன்னெண்டுல்லாக்கா?"

"சம்மதக் கடிதம் எழுதியே கொண்டு வந்துட்டேன். பாரு."

"பாத்தேன். நானே விசாரிச்சிட்டேன். பதிவ மாத்தப் போட்டா, மாறி முடிய எட்டு நாளும் ஆவுமாம், பத்து நாளும் ஆவுமாம். அது வரைக்கும் வண்டி எட்டுக்கு வருமா பன்னெண்டுக்கு வருமான்னு கேட்டேன். 'சொல்ல முடியாது மேடம்'ங்கான்." குடத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாளு வண்டி வராமப் போச்சுன்னா? இங்கன நனைஞ்சாலும் மூச்சு வருதுக்கா. இவ்வளவு சரியா வந்துக்கிட்டு இருக்கத நான் எந்தத் தைரியத்துல மாத்துவேன்?"

"அதுக்காக இந்தத் தண்ணியில..."

"சித்திரையிலேயே கேட்டேன்லா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. உள்ளே மாடசாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார், மூக்குக் குழாயில் நீர்த்துளிகள். நான் சாவியோடு திரும்பி நடந்தேன்.

பாதித் தெருவில் ஆமை எதிரே வந்தது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, நேரம் தவறாமல். எனக்குப் பின்னால் அதன் குரல் கேட்டது. எட்டாம் எண் வீட்டுக்கு வந்துவிட்டதாம்.

படியேறும்போது போன் அதிர்ந்தது. பங்குனியில் கொடுத்த புகாருக்குப் பதில். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் புகார் தொண்ணூறு நாள் கண்காணிப்புக்குப் பின் தீர்க்கப்பட்டது. தேடலில் கிடைக்கும் இடமும் நோயாளி வசிக்கும் இடமும் தற்போது முழுமையாகப் பொருந்துகின்றன. எங்கள் சேவையை மதிப்பிடவும்.'

கீழே ஐந்து நட்சத்திரங்கள். ஒன்றுமே போடாமல் அனுப்பப் பார்த்தேன், போகவில்லை. அந்தப் பக்கத்தை மூடவும் விடவில்லை. குறைந்தது ஒன்றாவது போட வேண்டுமாம். ஈரப் புடவையோடு படியிலேயே நின்று, ஒன்றைப் போட்டு அனுப்பினேன். நன்றி என்று வந்தது.